இரட்டை மணி

கருவாரக்குன்னு
மிதுன மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பிரஜீஷுக்கு அம்மா எழுதுவது. நீயும் ஷைஜாவும் என் பேத்தி தும்பிமோளும் தோஹாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பகவதியிடம் சொல்லிவிட்டுத்தான் தினமும் விளக்கு ஏற்றுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. உன் அச்சனுக்குத் தாடை எலும்பு உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், கஞ்சித் தண்ணீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுகிறார். என் நெற்றியில் தையல், இடது கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. வீட்டின் முன்பக்கத்து ஜன்னல்களில் ஒரு கண்ணாடிகூட மிச்சமில்லை, தார்ப்பாய் கட்டியும் சாரல் உள்ளே வந்து டிவி வரைக்கும் நனைகிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ குறுக்கே விழுந்து விழுந்து பேசுவாய், எனக்கோ சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால் எழுதி, நாளைக்குத் தோஹாவுக்குக் கிளம்புகிற ஹம்சாவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே நேந்திரங்காய் வறுவலும் மாவடு ஊறுகாயும் இஞ்சிமிட்டாயும் இருக்கிறது. ஊறுகாயில் ஈரக் கரண்டி போட வேண்டாம் என்று ஷைஜாவிடம் சொல். கடிதத்தை முதலில் படி, பொட்டலத்தை அப்புறம் பிரி. வக்கீலிடம் நீ சொல்லியனுப்பிய சங்கதி என் காதுக்கு வந்துவிட்டது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்று போனில் சொன்னாயே, அம்மா, இது பிசினஸ், பிசினஸ்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், அம்மா ஒண்ணும் டென்ஷனாக வேண்டாம் என்று. அந்த அப்படி இப்படி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது மோனே. நீ ஏசி அறையில் உட்கார்ந்து காதால் கேட்டவன், நான் கண்ணால் பார்த்தவள். பஸ் வாங்கி, முன் கண்ணாடியில் உன் மகளின் செல்லப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, ஒற்றப்பாலத்துக்கு ஓடவிட்டபோது ஊரே மெச்சியது. உன் அச்சன் மட்டும் அப்போதே ஒன்று சொன்னார். வாயே திறக்காத மனிதர் அபூர்வமாகத் திறந்தால் அதையாவது கேட்டிருக்க வேண்டாமா? டிரைவருக்கும் கதவுல நின்னு மணி அடிக்கிற கிளிக்கும் மாசச் சம்பளம் போடு, கலெக்‌ஷன்ல பங்கு வெக்காதே, பங்கு வெச்சா அவன் கண்ணு ரோட்டுல இருக்காது என்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் பஸ்ஸை ஓட்டி, ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ஸ்டியரிங் வளையத்தை விட்டு இறங்கியவர் சொன்ன வார்த்தை அது. நீ சிரித்தாய். அச்சனோட காலம் வேற, இப்ப இன்சென்டிவ் இல்லாம எவனும் வேலை செய்ய மாட்டான் என்றாய். சம்பளம் கிடையாது, கலெக்‌ஷனில் பங்குதான் பேட்டா, நம் வண்டிக்கு முன்னும் பின்னும் ஒட்டி ஓடுகிற சுல்தான் பஸ்ஸின் கலெக்‌ஷனைவிடக் குறைந்தால் அன்றைக்குப் பேட்டா வெட்டு என்று சட்டமும் போட்டாய். ரஜிலேஷைத் தேடிப்பிடித்து டிரைவராக வைத்ததும் நீதான். அவன் கலெக்‌ஷன் பிடிக்கிற ஆள் என்று எல்லாரும் சொன்னார்களாம், அவன் லைசென்ஸைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, அதெல்லாம் இருக்கும்மா என்றாய்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அடிதடிதான். சுல்தான்காரன் முன்னால் போனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உருட்டி உருட்டி ஆளைப் பொறுக்கிக்கொண்டு போவான், பின்னால் வருகிற நமக்குக் காலி நிறுத்தம்தான் மிச்சம். ரஜிலேஷ் அவனை முந்தி வந்து குறுக்கே நிறுத்துவான். விஷு கழிந்த வாரம் ஸ்டாண்டில் இரண்டு வண்டிக்காரர்களும் இறங்கி அடித்துக்கொண்டார்கள். நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புகிறவள், என் கண் எதிரேதான் நடந்தது. ரஜிலேஷ் ஜாக்கி லிவரை எடுத்து சுல்தான் கண்டக்டரின் தோளில் போட்டான், எலும்பு நொறுங்குகிற சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. அவர்கள் நம்முடைய கிளி வேலாயுதனைப் பிடித்துப் படியில் முகத்தை வைத்து மோதினார்கள். ஐம்பது வயதுக் கிளி, அவனுக்கு ஏது பறக்கிற வயசு, காது பாதி கிழிந்து தொங்கியது. அன்று சாயங்காலம் ரஜிலேஷ் சட்டையெல்லாம் ரத்தமாக வந்து கலெக்‌ஷன் பையை மேஜையில் வைத்துவிட்டு, சேச்சி, இன்னைக்கு சுல்தான் தலையே தூக்கலை என்று பல்லைக் காட்டினான். நான் உன்னிடம் அழுதுகொண்டே சொன்னபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா, போனை அவன்கிட்ட குடும்மா என்று கொடுக்கச் சொல்லி, அவனிடம் சபாஷ்டா என்றாய். அந்த சபாஷ் என் காதிலேயே இருக்கிறது.

பள்ளிக்கூடம் திறந்து மழையும் சேர்ந்து வந்த நாட்கள். சலுகைக் கட்டணத்தில் போகிற கன்செஷன் பிள்ளைகளை நம் ஊர் வண்டிகள் எப்படி ஏற்றும் என்று உனக்குத் தெரியும், நீயும் அப்படித் தொங்கிப் போய்ப் படித்தவன்தானே. முழு டிக்கெட் ஆட்களெல்லாம் ஏறி உட்காருகிறவரை பிள்ளைகள் கீழே மழையில் நிற்க வேண்டும், வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் ஓடிவந்து தொற்ற வேண்டும். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்தானோ, இப்போது அது எழுதாத சட்டம். ஆலின்சுவட்டு நிறுத்தத்தில் அன்று பாலிடெக்னிக் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். பின்னால் சுல்தானின் ஹாரன் கேட்டிருக்கிறது. கடைசியாக ஏறினவள் ஃபர்ஹானா என்கிற பெண், தையல்காரி கதீசாவின் மகள். ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில். முன்னாலிருந்து ரஜிலேஷ், அடிடா அடிடா, அவன் வந்துட்டான் என்று கத்தினான், வேலாயுதன் கயிற்றை இழுத்து, கிளம்பலாம் என்கிற இரட்டை மணி அடித்துவிட்டான். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. அவள் பையின் வார் கதவில் மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் இழுத்துப் போயிருக்கிறது, வார் அறுந்ததும் அடியில் போய்விட்டாள். பின்சக்கரம் முட்டிக்குக் கீழே ஏறி இறங்கியது. பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன், நீ சாப்பிட வேண்டுமே. உன் மகள் பெயர் எழுதிய வண்டிக்கு அடியில் நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ரஜிலேஷ் கதவைத் திறந்து குதித்து ரப்பர் தோட்டத்துக்குள் ஓடிவிட்டான். வேலாயுதன் ஓடவில்லை. தன் வேட்டியைக் கிழித்து அந்தப் பெண்ணின் தொடையை இறுக்கிக் கட்டி, அவளைத் தூக்கி ஒரு ஜீப்பில் ஏற்றினது அவன்தான். டாக்டரும் அதைத்தான் சொன்னார், அந்தக் கட்டு இல்லாவிட்டால் உயிரே தங்கியிருக்காதாம். ஜீப் போனதும் ஊர் அவன் மேல் விழுந்தது. நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது பஸ்ஸின் மணிக்கயிற்றையே அறுத்து அவனைக் கரண்ட் கம்பத்தில் கட்டி வைத்திருந்தார்கள். ஜட்டியோடு நிற்கிறான், வாயிலிருந்து ரத்தம் சொட்டுகிறது, வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒரு அடி வைத்துவிட்டுப் போகிறான், தினமும் அவனிடம் சில்லறை வாங்கி ஏறி இறங்குகிற மூஞ்சிகள்தான் எல்லாம். இன்னொரு கூட்டம் ரப்பர்க் கட்டைகளை எடுத்து வண்டியை நொறுக்கிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடியில் இருந்த பெயரை ஒருவன் எழுத்து எழுத்தாகப் பார்த்து உடைத்தான், என் பேத்தியையே அடிக்கிற மாதிரி இருந்தது. நான் கம்பத்துக்கு முன்னால் போய் நின்று, அவனை விடுங்கடா, வண்டி என்னோடது, அடிக்கணும்னா என்னை அடிங்க என்று கத்தினேன். சொல்லி முடிப்பதற்குள் கல் வந்தது. நம்மூர்க்காரர்கள் கேட்டதைக் கொடுக்கத் தாமதிக்கிறவர்கள் இல்லை. நெற்றி பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்க, அந்தக் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். பொம்பளை மேல் ரத்தத்தைப் பார்த்ததும் கொஞ்சம் பேர் பின்வாங்கினார்கள், போலீசும் வந்தது.

சாயங்காலம் பஸ் ஓனர்கள் சங்கத்து மாத்யூஸ் வந்தான். வெள்ளை வேட்டி, வாசனைத் தைலம், கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி. ரஜிலேஷின் லைசென்ஸ் காலாவதியாகி வெகுநாளாகிறது, அது வெளியே வந்தால் இன்ஷூரன்ஸ் கை கழுவும், அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் நம் தலையில் விழும், வண்டியும் வீடும் போகும் என்றான். உடனே உன் அச்சனைக் காட்டி மருந்தும் சொன்னான். கோபாலேட்டன் லைசென்ஸ் இன்னும் உயிரோடதானே இருக்கு, அவர் போய் நான்தான் ஓட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், ஓடினவன் முகத்தை மழையில யாரு பார்த்தா, அன்னைக்கே ஜாமீன், எல்லா ஓனரும் இப்படித்தானே சேச்சி பண்றோம் என்றான். போனில் நீ இருந்தாய். மாத்யூஸேட்டன் சொல்றதுதான் பிராக்டிகல், அச்சன் ஒரு தடவை போயிட்டு வரட்டும் என்றாய். பெற்ற அப்பனைக் கடைக்கு அனுப்புகிற மாதிரி சொன்னாய். அதைவிட என் நெஞ்சைக் கிழித்தது என்ன தெரியுமா, உன் அச்சன் நேரே உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பொத்தான் எல்லாம் ஒழுங்காக மாட்டியிருந்தார். பையனோட பொழப்புதானே சௌதாமினி என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆவேசம், அந்தச் சட்டையைக் கழுத்தோடு பிடித்து அடிவரைக்கும் கிழித்தேன், அவரைத் தள்ளிய தள்ளில் கட்டிலில் போய் விழுந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடமா, கோழியைக்கூட அடிக்காத கை, ஒரு பொண்ணோட காலை நசுக்கினேன்னு கையெழுத்துப் போடுமா என்று கத்திவிட்டு, கால் கழுவ வைத்திருந்த கிண்டியை எடுத்து மாத்யூஸ் மேல் எறிந்தேன். அவன் தோளில் பட்டுத் தண்ணீர் கொட்டியது, ஒரு செருப்பை விட்டுவிட்டே ஓடினான். அது இன்னும் வாசலில்தான் கிடக்கிறது.

மறுநாள் வேலாயுதனைக் கூட்டிக்கொண்டு ரஜிலேஷைத் தேடிப் போனேன். முகம் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்தவன், நான் வர்றேன் சேச்சி, மணி அடிச்சது என் கைதானே என்று தானாகக் கிளம்பினான். மண்ணார்க்காட்டுப் பக்கம் மாமனார் வீட்டில், ரப்பர் ஷீட் புகை போடுகிற அறைக்குள் ரஜிலேஷ் ஒளிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் காலில் விழுந்தான். சேச்சி, எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு என்றான். கதீசாவுக்கும் ஒண்ணு இருக்கு என்று சொல்லி இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தேன், கை வலிக்கிறவரை அறைந்தேன். அவன் தடுக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டே, சுல்தானுக்குப் பின்னாடி வந்தா பேட்டா வெட்டுன்னு பிரஜீஷேட்டன்தானே சொன்னாரு, மூணு நாளா வெறும் கையோட வீட்டுக்குப் போனேன் சேச்சி என்றான். அதற்குப் பிறகு எனக்குக் கை ஓங்க வரவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? எய்தவன் தோஹாவில் இருக்கிறான், என் வயிற்றில் பிறந்தவன். ரஜிலேஷையும் வேலாயுதனையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஓட்டினவன் இவன், மணி அடித்தவன் இவன், பந்தயம் கட்டினது ஓனர்களாகிய நாங்கள் என்று சொன்னேன். பேட்டா எப்படி, வெட்டு எப்படி, எந்தெந்த வண்டி எங்கே முந்துகிறது, பிள்ளைகளை எப்படி ஏற்றுகிறோம், எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் இடையில் பேனாவை வைத்துவிட்டு, சேச்சி, இதையெல்லாம் உங்ககிட்ட யாரும் கேக்கலையே என்றார். கேட்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன்.

அதற்குப் பிறகுதான் வீடு உடைந்தது. போலீஸ் மற்ற வண்டிகளையும் நிறுத்திச் சோதிக்க ஆரம்பித்ததும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு ஜீப் நிறைய ஆட்கள் வந்தார்கள். சுல்தான்காரர்கள் பாதி, நம்மோடு சேர்ந்து ஓணச் சத்யை விருந்து சாப்பிட்ட சங்கத்துக்காரர்கள் மீதி. நேற்றுவரை வெட்டிக்கொண்டவர்கள் என்னை அடிக்க என்றதும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் பார். ஜன்னல்களை நொறுக்கினார்கள், கிணற்றில் டீசலை ஊற்றினார்கள், காட்டிக்குடுத்தவளே வெளிய வாடீ என்றார்கள். உன் அச்சன் கையில் குடையோடு வாசற்படியில் நின்றார். அவ வர மாட்டா, வந்தா நீங்க தாங்க மாட்டீங்க, போயிடுங்கடா மக்களே என்றார். அந்த நேரத்திலும் கிண்டல். ஜாக்கி லிவரால் தாடையில் ஒரே போடு. பல்லும் ரத்தமுமாக உள்ளே நின்ற என் மேல் விழுந்தார். நான் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஒருவன் கிட்டே வந்தான், வீசினேன், அவன் உள்ளங்கை கிழிந்தது. அதற்கு என் மேலும் கேஸ் இருக்கிறது, பயப்படாதே, வேலாயுதன்தான் ஜாமீன் நின்றான்.

இப்போது வக்கீல் விஷயம். தலையில் கல் பட்டதால் அம்மாவுக்குப் புத்தி தடுமாறியிருக்கிறது, அவர் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சான்றோடு எழுதிக் கொடுக்கச் சொன்னாயாமே. ஓட்டினது அச்சன்தான் என்று அவரிடமே தாடைக் கட்டு அவிழ்வதற்குள் கையெழுத்து வாங்கச் சொன்னாயாமே. வாய் கட்டியிருக்கிறவர் மறுக்க மாட்டார் என்ற கணக்கா? வக்கீல் வந்தார், காகிதத்தை நீட்டினார். உன் அச்சன் பேனாவை வாங்கி அதன் பின்பக்கத்தில் எழுதினார், நான் ஓட்டவில்லை, இனிமேல் வேண்டுமானால் ஓட்டுகிறேன், மாதச் சம்பளம், பிள்ளைகள் முதலில் ஏறட்டும் என்று. மோனே, நீ எம்.பி.ஏ. படித்தவன், வியாபார தர்மம் என்று ஒரு பாடமே இருந்தது என்று லீவுக்கு வந்தபோது சொல்லியிருக்கிறாய். அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், லாபம் வருகிறபோது வண்டி யாருடையதோ, சக்கரம் ஏறுகிறபோதும் வண்டி அவனுடையதுதான். கூலிக்காரன் வயிற்றைக் கட்டி ஓட்டச் சொல்லிவிட்டு, அவன் வேகமாக ஓட்டினான் என்று சொல்லக் கூடாது. ஊரே செய்கிறது என்பது நியாயம் ஆகாது, ஊரே சேர்ந்து வேலாயுதனை அடித்ததும் நியாயம் ஆகவில்லை. வண்டி போகட்டும், வீடும் போனால் போகட்டும், நாங்கள் வாடகைக்கு இருந்துகொள்கிறோம். உன் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆனால் நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. பார்க்காதவன், அவ்வளவுதான். எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்கிற அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கு.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதீசா என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்து முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள், தையல் ஒன்று விட்டுப்போய் மறுபடியும் ரத்தம். நர்ஸ்கள் விலக்கினார்கள். நான் கையை ஓங்கவே இல்லை, அவள் இடத்தில் நான் இருந்தால் அரிவாள்மணையோடு வந்திருப்பேன். அடித்து ஓய்ந்து அவளே தரையில் உட்கார்ந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். கட்டிலில் ஃபர்ஹானா பார்த்துக்கொண்டே இருந்தாள். போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. அவள் அழவில்லை, திட்டவில்லை. அந்த பஸ்ல எழுதியிருக்கிற தும்பிமோள் யாரு என்று கேட்டாள். என் பேத்தி, வெளிநாட்டுல ஒண்ணாம் கிளாஸ் படிக்கிறா என்றேன். அப்படியா என்று சொல்லி, ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, அவ எதுல ஸ்கூலுக்குப் போறா என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். போன மாதம் நீ வீடியோவில் காட்டினாய், மஞ்சள் வண்டி வாசலில் வந்து நிற்கிறது, ஆயா இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றி, உட்காரவைத்து, பெல்ட் மாட்டுகிறாள், அது முடிகிறவரை டிரைவர் அசையவே இல்லை, பார்த்தாயா அம்மா என்ன கவனிப்பு என்று பெருமையாகச் சொன்னாய். அதை அந்தப் பெண்ணிடம் நான் எப்படிச் சொல்வேன்? எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பகவதி உன்னையும் ஷைஜாவையும் நெடுங்காலம் வாழவைக்கட்டும். தும்பிமோளை மடியில் வைத்து உச்சியில் நான் கொடுத்த முத்தம் என்று சொல்லி ஒன்று கொடு. பஸ்ஸின் உடைந்த கண்ணாடியை மாற்றினாலும் அவள் பெயரை அதில் எழுத விடமாட்டேன், நீ நேரில் வந்து கேட்கிற வரைக்கும் அது பெயர் இல்லாமலே இருக்கட்டும். இஞ்சிமிட்டாய் உனக்கு, பங்கு போடாதே. ஃபர்ஹானாவின் கேள்விக்கு உன் கையால் பதில் எழுதியனுப்பு, நான் கொண்டுபோய்ப் படித்துக் காட்ட வேண்டும், அவள் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா சௌதாமினி
(கையெழுத்து நடுங்கவில்லை, வக்கீலிடம் காட்டிக்கொள்)